இயற்கைக் கல்லில் சவரக்கத்தி தீட்டுவது: ஒவ்வொரு முறையும் ஒரே கூர் வர என்ன செய்ய வேண்டும்

போன வருடம் தை மாதம். ஹட்டனில் விடிந்தாலும் விடியாத மாதிரி மூடுபனி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈரம். அப்படியொரு ஞாயிறு காலை என் சவரக்கத்தியை மஞ்சள் பெல்ஜியக் கல்லில் தீட்டி முகத்தில் வைத்தேன். கத்தி இருப்பதே தெரியவில்லை. நுரை மட்டும் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் தீட்டினேன். அதே கத்தி, அதே கல், அதே மேசை, எண்ணிப் போட்ட அதே இழுப்புகள். இந்த முறை தாடைக்குக் கீழே முடியைப் பிடித்து இழுத்தது. சாயங்காலம் வரை கழுத்து எரிந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் பிடித்தது. மூன்று வாரம் கழித்து வந்த அந்த ஞாயிறு நல்ல வெயில், காய்ந்த காற்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தீட்டியிருக்கிறேன். கல்லின் மேலிருந்த நீர் தீட்டத் தீட்ட வற்றி, அதிலிருந்த கல்பொடி கெட்டிக் குழம்பாகிவிட்டது. கூராகிக்கொண்டிருந்த வாயை அந்தக் குழம்பே மழுக்கிவிட்டது. மூடுபனி நாளில் வீட்டுக்குள் ஈரம் இருந்ததால் நீர் வற்றவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் செய்த கல்லில் 1000, 4000, 8000 என்று நம்பர் அடித்திருப்பார்கள், நம்பர் கூடக் கூடக் கல் நுண்ணியது. பூமியிலிருந்து வெட்டிய கல்லில் நம்பர் கிடையாது. அந்த நம்பரை ஒவ்வொரு முறையும் நீங்களே உண்டாக்க வேண்டும், நீரையும் கை அழுத்தத்தையும் வைத்து. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் தீட்டல் ஒரு ஒழுங்குக்கு வந்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டையும் எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதைப் பற்றித்தான்.

முதலில் கத்தியைப் பாருங்கள்

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். வெட்டுகிற விளிம்பு வாய். அதற்கு எதிரே உள்ள தடித்த பக்கம் முதுகு. பிடியை ஒட்டிய மூலை அடி, எதிர் மூலை நுனி. வாயின் இரண்டு பக்கமும் கல் பட்டுப் பளபளக்கும் மெல்லிய பட்டை சரிவு. அடியிலிருந்து பிடி மாட்டிய ஆணிப் பக்கமாக, விரல் வைக்க நீண்டிருப்பது வால்.

சவரக்கத்தியில் கோணம் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்க வைத்தால் கோணம் தானாகவே வந்துவிடும். முதுகின் தடிப்பு 4.5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய்க்கு 15 மில்லிமீட்டர் என்றால் இரண்டு சரிவும் சேர்ந்து சுமார் 17 பாகை வரும். செய்தவன் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறான். நம் வேலை முதுகைக் கல்லிலிருந்து தூக்காமல் இருப்பது மட்டும்தான்.

கண்டி, நுவரெலியா பக்கம் பழைய சாமான் கடைகளில் சில சமயம் ஷெஃபீல்ட், சோலிங்கன் என்று வாலில் அச்சடித்த கத்திகள் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்து, நுனியையும் அடியையும் மாறி மாறி மெல்லத் தொட்டுப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் கத்தி முறுக்கியிருக்கிறது. முதல் கத்தியாக அது வேண்டாம். வாய் ஓரத்தில் கறுப்புப் புள்ளியாகத் துரு குழி விழுந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். குழி எவ்வளவு ஆழம் என்று தீட்டத் தொடங்கிய பிறகுதான் தெரியும், அதற்குள் கத்தி பாதியாகியிருக்கும். வாய் லேசாகச் சிரித்த மாதிரி வளைந்திருந்தால் பாதகமில்லை. உள்பக்கமாகக் குழிந்திருந்தால் ஆரம்பக்காரர் தொடக்கூடாது.

பழைய கத்தி யார் யார் முகத்தில் ஓடியதோ தெரியாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊற வைத்துத் துடைத்த பிறகே பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு அது உங்கள் ஒருவருடைய கத்தி. ஈரலைத் தாக்கும் கிருமி, எச்.ஐ.வி. எல்லாம் இரத்தத்தின் வழியாகப் போகும். சலூன்களில் இப்போது அரை பிளேடு மாட்டும் கத்தி இருப்பதும் அதனால்தான்.

எந்தக் கல்

ஊர்க் கல்லில் தீட்ட முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன், செய்தும் பார்த்தேன். ஆற்றில் பொறுக்கிய வழுவழுப்பான கல், உடைந்த அம்மித் துண்டு இரண்டிலும் தேய்த்து ஒரு கத்தியின் வாயை ரம்பமாக்கியதுதான் மிச்சம். நம் மலைநாட்டுப் பாறைகள் பூமிக்குள் மிக ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அப்படி வெந்த கல்லில் மணிகள் பெரிதாக வளர்ந்துவிடும். ரோட்டுக்கு மலையை வெட்டிய இடங்களில் பாறையில் சிவப்பாகக் கார்னெட் மணிகள் தெரியும். கடுகளவிலிருந்து மிளகளவு வரை நானே பார்த்திருக்கிறேன். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டும் கொட்டிக்யூல் என்ற மஞ்சள் கல்லிலும் வெட்டுகிற பொருள் இதே கார்னெட்தான். ஆனால் அங்கே மணி ஒவ்வொன்றும் சுமார் 5 முதல் 15 மைக்ரோன். நம் தலைமுடியின் தடிப்பே ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சாதி மணி, ஒன்று வாயைக் கூராக்கும், மற்றது வாயைப் பெயர்க்கும்.

ஆகவே கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் லீவில் வரும்போது சொக்லட்டோடு ஒரு கல்லும் வரலாம். சவரக்கத்திக்குப் பெயர் போனவை நாலு வகை. முதலாவது மேலே சொன்ன கொட்டிக்யூல். இரண்டாவது ஜெர்மனியின் துரிங்கியா கல். ஸ்லேட் மாதிரி மென்மையானது, இப்போது வெட்டுவதில்லை, பழையதைத் தேடித்தான் வாங்க வேண்டும். மூன்றாவது அமெரிக்காவின் ஆர்கன்சா கல். இது நுண்ணிய குவார்ட்ஸ், இரும்பு மாதிரி கடினம், பொடியே விடாது. அதனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். எண்ணெயோ சவர்க்காரத் தண்ணீரோ விட்டுத் தீட்டலாம். நாலாவது ஜப்பானின் கியோட்டோ பக்கத்துக் கற்கள். அருமையானவை, ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. விலையும் அப்படி.

முதல் கல்லாக நான் கொட்டிக்யூலைத்தான் சொல்வேன். கல்லை நீரில் தேய்த்தால் வரும் வெள்ளைக் குழம்பில் (அதை இனிப் பால் என்பேன்) வேகமாக வெட்டும், வெறும் நீரில் மென்மையாக முடிக்கும். ஒரே கல்லில் இரண்டு வேலை. கையளவு கல் போதும். ஆனால் வாய் முற்றாக மழுங்கிய கத்திக்கு, 1000 நம்பர் செயற்கைக் கல் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஆரம்பத்திலிருந்தே இயற்கைக் கல்லில்தான் எல்லாம் செய்வேன் என்று அடம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி பேர் இப்போது பிளேடு போடுகிறார்கள்.

கல்லைச் சமப்படுத்துதல்

கல் தட்டையாக இல்லாவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது. கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போடுங்கள். தடித்த கண்ணாடியின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமாக ஒட்டி, கல்லைக் கவிழ்த்து எட்டு வடிவத்தில் தேயுங்கள். நடுவில் பென்சில் கோடு மிஞ்சினால் அங்கே குழி இருக்கிறது. எல்லாக் கோடும் போன பிறகு இன்னொரு முறை கட்டம் போட்டு உறுதி செய்யுங்கள். பின் 800, 1000 பேப்பரில் முடியுங்கள். கல்லின் ஓரக் கூரை நாலு பக்கமும் லேசாக மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் அந்த ஓரம் கத்தி வாயைப் பெயர்க்கும்.

கடைசியாக எந்த நம்பர் பேப்பரில் முடித்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். கல்லின் முகம் சொரசொரப்பாக இருந்தால் வேகமாக வெட்டும், மினுமினுப்பாக இருந்தால் மெதுவாக. ஒவ்வொரு முறையும் ஒரே பேப்பரில் முடிப்பதே ஒரு கட்டுப்பாடு. ஆர்கன்சா போன்ற கடினக் கல்லுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

கை

தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி தீட்டிப் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் கஷ்டம். அங்கே மணிக்கட்டில் பலம் கொடுத்து, இரும்பின் மேல் கல்லை இழுத்துத் தீட்ட வேண்டும். எனக்கும் அந்தக் கைதான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் முப்பது வருடம் சலூன் வைத்திருந்த என் மாமா முதல் நாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “என்னடா மருமகனே, கத்தியத் தீட்டுறியா, கல்லத் தேய்க்கிறியா?”

“அழுத்தாம எப்படி மாமா கூர் வரும்?”

“மொதல்ல அந்த எடது கைய எடு.”

இடது கை விரலைக் கத்தியின் மேல் வைத்து அழுத்துவதைத்தான் சொன்னார். எடுத்த பிறகு பாதிப் பிரச்சினை போனது.

மீதிப் பாதிக்கு நான் சமையலறைத் தராசைப் பயன்படுத்தினேன். டிஜிட்டல் தராசின் மேல் ஈரத்துணி விரித்து, கல்லை வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லின் மேல் கத்தியை ஓட்டிக்கொண்டே எண்ணைப் பாருங்கள். முதல் நாள் நான் மெல்லமாகத்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்தபோது 900 கிராம் காட்டியது! இப்போது எனக்கு மூன்று அளவுகள் இருக்கின்றன. சரிவு உண்டாக்கும்போது 300 கிராம், பாலில் ஓட்டும்போது 150, கடைசி நீரில் கத்தியின் சொந்த எடை மட்டும், அதாவது 50 சொச்சம். தினம் ஐந்து நிமிடம், பத்து நாள் தராசின் மேல் ஓட்டினால் கைக்கு அந்த எடை பதிந்துவிடும். அதன் பிறகு தராசு தேவையில்லை. மாதம் ஒரு முறை சோதித்தால் போதும். கை மெல்ல மெல்லப் பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும்.

பிடிக்கும் முறை இது. வாலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். மற்ற விரல்கள் பிடியைத் தாங்கட்டும், இறுக்க வேண்டாம். கல்லின் ஒரு முனையில் கத்தியைப் படுக்க வைத்து, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். மறுமுனை வந்ததும் விரல்களுக்கு நடுவில் வாலை உருட்டி, முதுகின் மேல் புரட்டி, திரும்பி வாருங்கள். வாயின் மேல் ஒருபோதும் புரட்டாதீர்கள். ஒரு தடவை மறந்தால் அரை மணி நேர வேலை போச்சு.

கத்தியின் வாய் 70 மில்லிமீட்டருக்கு மேல் நீளம். கல்லின் அகலமோ பெரும்பாலும் 40 அல்லது 50. ஆகவே நேராகத் தள்ளினால் நுனியோ அடியோ கல்லில் படாது. அடி கல்லின் மேல் இருக்கத் தொடங்கி, முன்னே தள்ளிக்கொண்டே பக்கவாட்டில் இழுத்து, நுனி கல்லின் மேல் இருக்க முடியுங்கள். திரும்பும்போதும் அப்படியே. மேலிருந்து பார்த்தால் இரண்டு இழுப்பும் பெருக்கல் குறி போடும். அடி மூலைக்கு மேலே உள்ள தடித்த பகுதி கல்லில் ஏறக்கூடாது. ஏறினால் அடிப்பக்கத்து வாய் அந்தரத்தில் நிற்கும். அதைக் கல்லின் ஓரத்துக்கு வெளியே விட்டே தொடங்குங்கள்.

முதுகு தேயாமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒட்டலாமா என்றால், ஒட்டலாம். ஒரு சுற்று டேப் கோணத்தை ஒரு பாகை சொச்சம் கூட்டும். ஆனால் இந்தக் கத்திக்கு டேப் என்று முடிவு செய்தால் எப்போதும் டேப். ஒரு முறை ஒட்டி, மறுமுறை ஒட்டாமல் தீட்டினால் வாய் கல்லில் படவே படாது. நீங்கள் மணிக்கணக்கில் சரிவின் தோளை, அதாவது அதன் முதுகுப் பக்கத்து ஓரத்தை, தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் டேப் ஒட்டுவதில்லை.

சரிவு உண்டாக்குதல்

இது 1000 நம்பர் கல்லில். பெர்மனன்ட் மார்க்கரால் சரிவின் இரண்டு பக்கமும் பூசுங்கள். ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு மை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். வாயின் கடைசி ஓரம் வரை, அடியிலிருந்து நுனி வரை போயிருக்க வேண்டும். எங்காவது கறுப்பு மிஞ்சினால் அங்கே இன்னும் கல் எட்டவில்லை.

எப்போது நிறுத்துவது? இரத்தினக்கல் பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாயை நேராக மேல்நோக்கிப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கூரான வாயில் ஒளி தங்காது. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே இரண்டு சரிவும் இன்னும் சந்திக்கவில்லை. புள்ளியே இல்லையென்றால் முன்கை முடியில் பாருங்கள். அடி, நடு, நுனி மூன்றும் ஒரே மாதிரி வழிக்க வேண்டும். நடு வழித்து நுனி வழிக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். எனக்கு வந்த தோல்விகளில் முக்கால்வாசி இங்கே அவசரப்பட்டதால் வந்தவை. மென்மையான கல் இந்தக் குறையை மறைக்கும், சரி செய்யாது.

பாலும் நீரும்

இனி இயற்கைக் கல். இதை மட்டும் அவசரமில்லாத நாளில் செய்யுங்கள். கதவையும் காற்றாடியையும் மூடிவிடுங்கள். கல்லைப் பத்து நிமிடம் முன்பே நனைத்து மேசையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர்.

கல்லின் மேல் அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு, அதே வகைச் சிறு துண்டுக் கல்லால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள், சந்தனம் இழைக்கிற மாதிரி. வெள்ளையாக ஒன்று கிளம்பும். அதைத்தான் பால் என்கிறேன். என் கல்லுக்கு 40 வட்டம் தேய்த்தால் சோறு வடித்த கஞ்சியின் பதம் வரும். சந்தனப் பதம் வந்தால் கெட்டி, தண்ணீர் சேர்க்க வேண்டும். உங்கள் கல்லுக்கு 20 ஆகலாம், 60 ஆகலாம். ஆனால் ஒரு முறை கண்டுபிடித்த பிறகு அந்த எண்ணை மாற்றாதீர்கள்.

இப்போது அரை இழுப்புகள். கத்தியைப் புரட்டாமல், ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் 20 தடவை, அப்புறம் மறுபக்கத்தில் 20. அதன் பிறகு புரட்டிப் புரட்டிப் பெருக்கல் குறியாகப் பத்து இழுப்பு. பால் சாம்பல் நிறமாகும். அது இரும்பு கரைந்த நிறம், வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நீர் சேர்ப்பது. ஆட்காட்டி விரலைக் கிண்ணத்தில் முதல் கணு வரை நனைத்து, கல்லின் நடுவில் சொட்ட விடுங்கள். இரண்டு சொட்டு. மறுபடி பக்கத்துக்கு 20, பெருக்கல் குறி பத்து. மறுபடி இரண்டு சொட்டு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் பால் கொஞ்சம் தெளியும், கல் கொஞ்சம் மென்மையாகும், கை அழுத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள். முதல் நாலு முறையில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஆறாவது ஏழாவது முறையில் ஒரு மாற்றம் தெரியும்: கத்தி முன்னே போகும்போது நீர் வாயின் முன்னால் தள்ளப்படாமல், வாயின் மேல் ஏறிக் கத்தி முகத்தில் படரும். வாய் முழுக்கக் கல்லோடு ஒட்டி ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். அடிப்பக்கத்தில் மட்டும் நீர் ஏறாமல் ஓடினால், அடி இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறது.

நீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். ஊற்றிப் பார்த்திருக்கிறேன். கெட்டிப் பாலில் மிதக்கும் மணிகள் ஓடுகிற வாயை நேருக்கு நேர் முட்டிக் கொஞ்சம் மழுக்கும். பாலில் ஒரு அளவுக்கு மேல் கூர் ஏறாததற்குக் காரணம் அதுதான். நீர் கூடக் கூட மணிகள் குறைந்து, அந்த வரம்பு படிப்படியாக மேலே போகிறது. திடீரென்று வெறும் நீருக்குத் தாவினால் கல் மெதுவாகிவிடும், பால் விட்டுப்போன மழுக்கத்தை எடுக்கவே நூறு இழுப்பு பிடிக்கும். வெயில் ஞாயிறன்று எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்: நான் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த நீரைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. இழுப்பை எண்ணினேன், நீரைப் பார்க்கவில்லை.

கல்லின் மேல் நிறமே இல்லாமல் தெளிந்த பிறகு, கல்லையும் கத்தியையும் பீலித் தண்ணீரிலோ குழாயிலோ நன்றாகக் கழுவுங்கள். கடைசிக் கட்டம் வெறும் நீரில், கத்தியின் எடை மட்டும், பெருக்கல் குறியாக 50 இழுப்பு. முடிவை நெருங்கும்போது கத்தி கல்லோடு லேசாக ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு பிடிப்பு கையில் தெரியும். எல்லாக் கல்லிலும் ஒரே அளவுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் கல்லில் அது எப்படி இருக்கும் என்று நாலு தடவையில் பிடிபட்டுவிடும்.

தோல்வார்

கல் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, உடனே வாருக்கு, அதாவது துணியும் தோலும் சேர்ந்த நீளப் பட்டைக்கு, போகலாம். இங்கே திசை நேர் எதிர்: முதுகு முன்னே, வாய் பின்னே. வாரைக் கதவுக் கொண்டியில் மாட்டி இறுக்கிப் பிடியுங்கள். தொய்ந்தால் வாயின் ஓரம் உருண்டுவிடும். முதலில் துணிப்பக்கம் 30 தடவை, பின் தோல்பக்கம் 60. போய்த் திரும்பினால் ஒரு தடவை. வேகம் வேண்டாம், சலூன்காரரின் சடசடச் சத்தம் முப்பது வருடப் பழக்கத்தில் வருவது. மாமா கடைசியில் உள்ளங்கையிலும் நாலு இழுப்பு இழுப்பார். நான் இன்னும் அந்தத் தைரியத்துக்கு வரவில்லை.

சோதனை

தொங்கும் முடியில் சோதிப்பது பழைய முறை. ஒரு முடியை விரலில் பிடித்துத் தொங்கவிட்டு, விரலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வாயின் மேல் மெல்ல இறக்கினால், சத்தமில்லாமல் அறுந்து விழ வேண்டும். ஆனால் யாருடைய முடி என்பதைப் பொறுத்து முடிவு மாறும். என் முடி கம்பி மாதிரி, எந்தக் கத்திக்கும் அறும். என் மகளுடையது பட்டு நூல், நல்ல கத்திக்குத்தான் மசியும். அவள் சீப்பிலிருந்து எடுத்த முடியைக் கழுவிக் காயவைத்து ஒரு தபால் உறையில் வைத்திருக்கிறேன். எப்போதும் அதே முடி, வேர் முனையை விரலில் பிடித்து. அப்போதுதான் போன மாதக் கூரோடு இந்த மாதக் கூரை ஒப்பிட முடியும். வாருக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பாருங்கள். வாருக்குப் பிறகும் மாற்றமே இல்லையென்றால் வாரில் கோளாறு அல்லது கல்லில் வேலை முடியவில்லை.

கடைசித் தீர்ப்பு முகத்துடையது. முடி சோதனையில் தேறிய கத்தி முகத்தில் எரிக்கலாம். லென்ஸில் பார்த்தால் வாயின் ஓரத்தில் மெல்லிய பிசிறு தெரியும், அதிகம் அழுத்தியதால் வந்தது. ஒரு மரத்துண்டின் ஓரத்தில், எடையே இல்லாமல் வாயை ஒரு முறை நீளவாக்கில் இழுத்துவிட்டு, வெறும் நீரில் மறுபடி 30 இழுப்பு போடுங்கள். எரிக்காமல் இழுத்தால் வேறு கதை: கூர் போதவில்லை. பால் கட்டத்தின் நடுவிலிருந்து, அதாவது ஐந்தாறு முறை நீர் சேர்த்த பதத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதிலும் சரிவராவிட்டால் மனதைத் தேற்றிக்கொண்டு 1000 நம்பருக்கே திரும்ப வேண்டியதுதான்.

நோட்டுப் புத்தகம்

ஒரு கத்தி, ஒரு கல், ஒரு வார். ஆறு மாதத்துக்கு வேறு எதையும் வாங்காதீர்கள். ஒவ்வொரு தீட்டலுக்கும் நாலு வரி எழுதுங்கள்: வானிலை, பாலுக்கு எத்தனை வட்டம், எத்தனை முறை நீர், முகத்தில் எப்படி. அடுத்த முறை ஏதாவது மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “மூடுபனி. கதவு சாத்தியது. 40 வட்டம். நீர் 11 முறை. கன்னம் நன்று. அடிப்பக்கம் பின்தங்குகிறது.” வெயில் ஞாயிறின் மர்மம் இந்த நோட்டில் வானிலையை எழுதத் தொடங்கிய பிறகுதான் அவிழ்ந்தது.

மலைநாட்டு ஈரம்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் புரட்டாதி வரை சுவர் கூடக் காயாது. பழைய சவரக்கத்திகள் பெரும்பாலும் கார்பன் இரும்பு. ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரே இரவில் வாயில் துருப் புள்ளி வரும். குளியலறையில் வைக்கவே வேண்டாம். சவரம் முடிந்ததும் துடைத்து, வாரில் பத்து இழுப்பு போட்டு, ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு மடியுங்கள். சில நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பூசுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். மார்கழியில் போத்தலுக்குள்ளேயே உறைகிற எண்ணெய் கத்தியில் என்ன செய்யும்? வெள்ளையாகத் திரண்டு நிற்கும், நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். தோல்வாரில் பூஞ்சணம் பிடிக்கும் காலமும் இதுதான். அடுப்படியில், புகை படாத உயரத்தில் தொங்கவிட்டால் தப்பும்.

நன்றாக முடித்த வாய் எனக்குப் பதினைந்து இருபது சவரம் வரை போகும். மேலுதட்டில் முதலில் தெரியும், லேசாக இழுக்கத் தொடங்கும். அப்போது பால் வேண்டாம், 1000 வேண்டாம். வெறும் நீரில் 40 இழுப்பு, வாரில் 60. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.